கண்ட்ரோல்காரர் உண்மை பேசிய மாதம்

அந்தக் கட்டடத்தில் எட்டு மாடி, ஒரு லிப்ட், ஒரு மோட்டார், ஒரு கண்ட்ரோல்காரர். லிப்ட் ஏறும்போது முனகும், இறங்கும்போது பெருமூச்சு விடும். மோட்டார் ஓட ஆரம்பித்தால் பக்கத்துத் தெருவில் தூங்குகிற நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். கண்ட்ரோல்காரரிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் வராது. சட்டைப் பையில் டெஸ்டர், காதுமேல் பென்சில், முகத்தில் அசைக்க முடியாத ஒரு நிதானம். கட்டடமே பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்தால், 'சாயங்காலம் குளிருமே என்று முன்யோசனையாக மூட்டி வைத்திருக்கிறார் போலிருக்கிறது' என்றுதான் தோன்றும்.

உத்தியோகப் பெயர் கேர்டேக்கர். அந்தப் பெயரால் அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. மோட்டார் அறையை ஒட்டி ஒரு படுக்கையறை, ஓர் ஆள் நிற்கலாம், இரண்டு ஆள் நின்றால் சண்டை வரும் என்கிற அளவில் ஒரு சமையலறை. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்த வீட்டில்தான் அவரும் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து இருந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து, மோட்டார் சத்தத்தில் தூங்கப் பழகி, பிறகு சத்தமில்லாத ஊர்களுக்குப் போய்த் தூக்கம் வராமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கண்ட்ரோல்காரர் ஆன விதத்தைச் சொல்ல வேண்டும்.

வாலிபத்தில் அவர் ஒரு கப்பல் கம்பெனிக் கிடங்கில் டெலிபோன் சுற்றிக் கொடுக்கிற வேலையில் இருந்தார். ஒரு மழைக்குக் கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. முழங்கால் அளவு என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் பேத்தி பிறந்த பிறகு அது இடுப்பளவாகி, போன வருஷம் கழுத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கழுத்தளவு வெள்ளத்தில் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டு, பெரிய அதிகாரி தலைமை அலுவலகத்தோடு பேசினார். பக்கத்தில் ஒரு டைப்ரைட்டர் மிதந்து போனது. டைப்ரைட்டர் மிதக்காது என்று சொல்கிறவர்கள் அன்று அங்கே இல்லை. ரிசீவருக்குள்ளிருந்து மறுமுனைக்காரர் போட்ட கூச்சல் கிடங்கு முழுக்கக் கேட்டது. அதிகாரி டையைச் சரிசெய்துகொண்டு நிதானமாக, "எவ்ரிதிங் இஸ் அண்டர் கண்ட்ரோல்" என்றார். அவ்வளவுதான். மறுமுனைக் கூச்சல் பொட்டென்று நின்று, அதிகாரியின் குழந்தைக்குத் தொண்டைவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. மறுநாள் தண்ணீர் தானே வடிந்தது. வெள்ளத்தை அடக்கியதற்காக அதிகாரிக்குப் பதவி உயர்வும் வந்தது.

ரிசீவரை வாங்கி வைத்த இளைஞருக்கு அந்த இடத்திலேயே கண் திறந்துவிட்டது. தண்ணீரை அடக்கப் பம்பு வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். தண்ணீரைப் பற்றிக் கேட்கிறவரை அடக்க ஒரு வினைச்சொல் போதும். அதுவும் இங்கிலீஷில் இருந்துவிட்டால் துணைக்கு இன்னொரு சொல்கூட வேண்டாம்.

கட்டடத்து வேலைக்கு வந்தபோது அவர் பெட்டியில் இரண்டு சட்டையும் வாயில் நாலு வினைச்சொல்லும் இருந்தன. சட்டை கிழிந்து மாறியது. வினைச்சொல் அப்படியே இருந்தது.

எட்டு மாடிக் குடித்தனக்காரர்களும் அந்த நாலையும் கரைத்துக் குடித்திருந்தார்கள். நாலாம் மாடி டாக்டரம்மா காலையில் ஷாம்பு பாட்டிலும் கையுமாகப் படிக்கட்டில் வந்து நிற்பார்.

"என்னங்க, குழாயில காத்துதான் வருது. தண்ணி எங்க?"

"மேனேஜ் பண்ணிக்கலாம் மேடம்."

டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் உள்ளே போய்க் கொண்டையை இறுக்கி முடிந்துகொள்வார். மேனேஜ் என்றால் கண்ட்ரோல்காரர் ஒன்றும் செய்யப் போவதில்லை, நாம்தான் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். 'ஹேண்டில் பண்றேன்' என்றால் மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டார், வரலாம், வராமலும் இருக்கலாம். 'டேக்கிள் பண்ணிட்டு வரேன்' என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் கிளம்பினால், யாரோடு சண்டை போடப் போகிறாரோ அவருக்கே வக்கீலாகத் திரும்பி வருவார். பக்கத்துக் கட்டடத்துக்காரன் நம் வாசலில் வேனை நிறுத்துகிறான் என்று ஒரு தடவை டேக்கிள் பண்ணப் போய், "பாவம், அவனுக்கும் இடமில்லைங்க" என்று திரும்பினார். மறுநாளிலிருந்து இரண்டு வேன் நின்றது.

கடைசிச் சொல்தான் கனமானது. 'கண்ட்ரோல்ல இருக்கு' என்று அவர் படிக்கட்டடியில் நின்று சொல்லிவிட்டால், மோட்டார் படுத்துவிட்டது என்று பொருள். உடனே வீட்டுக்கு ஒரு வாளி பிடித்து வைப்பார்கள். ஒன்றே ஒன்றுதான். பதறிப்போய் இரண்டாவது வாளியை எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லாம் கண்ட்ரோலில்தானே இருக்கிறது? ஆளுக்கு ஒரு வாளி போக மிச்சத் தண்ணீர் தொட்டியில் நிற்கும், மெக்கானிக் வந்து சேரும்வரை தாக்குப் பிடிக்கும். இந்த ஏற்பாட்டை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. பேசிக்கொண்டதுகூட இல்லை. ஏழாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஜோடி மட்டும் கண்ட்ரோல் என்றால் கண்ட்ரோல் என்று நம்பி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணைத் திறக்க முடியாமல் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். அடுத்த தடவை அவர்கள்தான் முதலில் வாளி பிடித்தார்கள்.

ஆறாம் மாடியில் ஒரு ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார். அவருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை.

"ஏன்யா, எல்லாத்துக்கும் கண்ட்ரோலையே பூசறே? ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சொல் இருக்குய்யா. மிருகம்னா டேம். செலவுன்னா கர்ப். கலகம்னா குவெல். எதிரின்னா சப்டியூ. நெருப்போ நோயோ பரவாம நிறுத்தினா கன்டெய்ன். இத்தனையும் சும்மா கெடக்கு."

"கொடுங்க சார், போட்டுப் பார்க்கிறேன்" என்றார் கண்ட்ரோல்காரர், புதுச்சட்டைக்குக் கை நீட்டுகிறவர் மாதிரி.

எட்டாம் மாடி ஜன்னலில் புறாத் தொல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து, "டேம் பண்ணியாச்சும்மா" என்றார். அந்த வீட்டம்மாவுக்கு ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று புரியவில்லை. பாதி சாத்தினாள். பாதிப் புறா உள்ளே வந்தது. அடுத்த வாரம் சாக்கடை அடைத்துக்கொண்டபோது, "சப்டியூ பண்ணியாச்சு" என்றார். டாக்டரம்மா படிக்கட்டில் நின்று கையைப் பிசைந்தார்.

"அது கண்ட்ரோலுக்கு மேலயா கீழயா? எத்தனை வாளின்னு சொல்லுங்க!"

வாத்தியார் தம் சொற்களை மூட்டை கட்டிக்கொண்டு மேலே போனார். பழைய நாலே போதும் என்று ஆனது.

வீட்டுக்குள் இந்த நாலும் செல்லுபடியாகவில்லை.

"கேஸ் தீந்துபோச்சுங்க."

"ஹேண்டில் பண்றேன்."

"பண்ணுங்க. சிலிண்டர்லயே கைப்பிடி வச்சிருக்கான், அதைப் புடிச்சுத் தூக்கிட்டு வாங்க."

அவர் மனைவி அப்படித்தான். வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. குடித்தனக்காரர்கள் யாராவது தண்ணீர் கேட்டு வந்து புருஷன் இல்லாமல் அவளிடம் மாட்டிக்கொண்டால், "வராது, போய்ப் படுங்க" என்பாள். அதனால் அவளிடம் கேட்பதை எல்லோரும் தவிர்த்தார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ளவா படி இறங்கி வருகிறோம்?

இப்படியே போயிருந்தால் கண்ட்ரோல்காரர் சாகும்வரை கண்ட்ரோலிலேயே இருந்திருப்பார். கட்டடத்துச் சொந்தக்காரருக்கு வயதாகி, பொறுப்பு மாப்பிள்ளை கைக்கு வந்ததுதான் வினை. மாப்பிள்ளை வெளியூரில் நிர்வாகம் படித்தவர். கையை ஆட்டாமல் பேச வராது. ஒருநாள் கட்டடத்தைப் பார்வையிட வந்து, ஆசையாக லிப்டில் ஏறினார். லிப்டுக்கு என்ன தோன்றியதோ, மூணுக்கும் நாலுக்கும் நடுவில் நின்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

உள்ளேயிருந்து தடதடவென்று கதவைத் தட்டினார். கண்ட்ரோல்காரர் ஓடிவந்து இடுக்கில் வாயை வைத்து, எட்டு மாடிக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

"பயப்படாதீங்க சார்! கண்ட்ரோல்ல இருக்கு!"

அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த நொடியே மேலேயும் கீழேயும் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்து வாளி பிடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு மனுஷன் மாட்டிக்கொண்டு கத்துகிறான், ஒருவர்கூட வெளியே வராமல் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்றால் என்ன நினைப்பான்? தன்னைக் குளிப்பாட்டி அனுப்பப் போகிறார்கள் என்றே அவர் நினைத்துவிட்டாராம். வெளியே வரும்போது சட்டை முழுக்க வேர்வை. வந்ததும் எதற்கு வாளி என்று விசாரித்தார். டாக்டரம்மா வெள்ளந்தியாக எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்.

மாப்பிள்ளை நேராக மோட்டார் அறைக்கு வந்தார். மனைவியும் வாசலில் நின்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா நீங்க வேலை பார்க்கலை சார். வார்த்தை பார்த்திருக்கீங்க. எனக்கு டிரான்ஸ்பரன்சி வேணும். இந்த ஒரு மாசம் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி தமிழ்ல சொல்லுங்க. மேனேஜ், ஹேண்டில், கண்ட்ரோல் எதுவும் கூடாது. ஒண்ணு என் காதுல விழுந்தாலும் கம்பெனி ஆளுங்களைக் கொண்டுவந்து போட்டுடுவேன். இந்த ரூம் அவங்களுக்கு."

அவர் போனதும் இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். வீட்டை விட்டால் மனைவியின் தம்பி வீடு ஒன்றுதான் கதி.

"தம்பி தங்கமானவன்" என்றார் கண்ட்ரோல்காரர்.

"தம்பி பொண்டாட்டியும் தங்கம்தான். அதான் வீட்டுல எதையும் தொட விடமாட்டா. போன தடவை போனப்ப நான் போட்ட ஃபேனை அவ அணைச்சா, அவ அணைச்சதை நான் போட்டேன். ரெண்டு நாள் அதுவே பேச்சுவார்த்தை. அங்கே போய் நான் உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்."

"அதை நான் டேக்..."

"வாயை மூடுங்க! உண்மையைப் பேசுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எங்கிட்டதான் இத்தனை வருஷமாப் பேசலை. ஊருக்காவது பேசுங்க. ஒரு மாசம் தம் புடிங்க."

மறுநாள் காலையில் முதலில் வந்தது டாக்டரம்மா.

"லிப்ட் சரியாயிடுச்சாங்க? ஏறலாமா?"

கண்ட்ரோல்காரரின் நாக்கு பழைய தடத்திலேயே போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்துத் திருப்பினார்.

"கயிறு பழசும்மா. அறுந்து விழுமான்னு கேட்டா, விழாதுன்னு என்னால சொல்ல முடியலை. விழும்னும் சொல்ல முடியலை."

எத்தனையோ நோயாளிகளிடம் முகம் மாறாமல் எத்தனையோ சேதி சொன்ன டாக்டரம்மா, பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு படியிலேயே ஏறிப் போனார். மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. அதிலிருந்து லிப்ட் ஆளில்லாமல் தானே மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. எட்டாம் மாடி வீட்டம்மா படியேறி மூச்சு வாங்கி, ஐந்தாம் மாடியில் யார் வீட்டிலோ படுத்துவிட்டு மறுநாள் மிச்சத்தை ஏறினாள் என்று சொல்கிறார்கள்.

இதில் கண்ட்ரோல்காரர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. உண்மை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆயுள் முழுக்கப் பத்தியம் இருந்தவன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த கதை. கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். வாத்தியாரைப் படிக்கட்டில் பிடித்தார்.

"சார், உங்க பெட்ரூமுக்கு நேர் மேல, மொட்டை மாடில, பெரிய தொட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"அதைத் தாங்குற தூண்ல ஒரு விரிசல் இருக்கு. எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்."

"அப்ப ஏன்யா சொல்லலை?"

"நீங்க கேக்கலை சார். கேட்டிருந்தாலும் கண்ட்ரோல்ல இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன்."

வாத்தியார் அன்றே கட்டிலைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டார். நடுவில் இன்னும் இரண்டு மாடி இருக்கிறதே, தொட்டி விழுந்தால் முதலில் அவர்கள் தலையில்தானே விழும் என்று சமாதானம் சொன்னவர்களிடம், "இத்தனை நாள் பேச்சை நம்பினது போதாதா, இனி கணக்கை வேற நம்பறதா?" என்று எரிந்து விழுந்தார். ஒயர் எங்கே உரிந்திருக்கிறது, எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் கசிகிறது, எல்லாம் எட்டு மாடிக்கும் தெரிந்துபோனது. கட்டடம் முந்தின மாதம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது, ஒரு செங்கல் நகரவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் சுவரைத் தொடாமல் நடக்கப் பழகினார்கள். மாப்பிள்ளையின் போன் மணியடித்து மணியடித்து ஓய்ந்தது. அவரே ஒருநாள் ஓடிவந்தார்.

"சார், ஏன் இப்படி எல்லாரையும் பயமுறுத்துறீங்க?"

"உள்ளதைச் சொல்றேன் சார்."

"சொல்லுங்க. வேண்டாங்கலை. ஆனா கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன சார்?"

மாப்பிள்ளை கையை ஆட்டி ஆட்டி வார்த்தை தேடினார். கிடைத்த வார்த்தையெல்லாம் அவரே தடை போட்டவையாக இருந்தன. வந்த வழியே போய்விட்டார்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாளே பாக்கி. மனைவி மனத்துக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து, ஒரு முற்பகலில், மோட்டார் 'க்ர்ர்' என்று ஒரு சத்தம் கொடுத்து, கொஞ்சம் புகை விட்டு, அடங்கியது.

கண்ட்ரோல்காரர் வழக்கமான இடத்தில், படிக்கட்டடியில் வந்து நின்றார். மாடிக்கு மாடி தலைகள் எட்டிப் பார்த்தன. எல்லோர் கையிலும் ஒரு வாளி தயார். பழைய மாதமாக இருந்திருந்தால் இரண்டே வார்த்தை.

"மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்றார் அவர். "தொட்டில கால்வாசித் தண்ணிதான் இருக்கு. மெக்கானிக் எப்ப வருவான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் அவனுக்குச் சரி பண்ணத் தெரியுமாங்கறது எனக்குச் சந்தேகம்தான்."

எட்டு மாடியிலும் இருந்த அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் திறந்தன. அந்த இரைச்சலில் கட்டடம் ஒருதரம் சிலிர்த்துக்கொண்டது. ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தவர்கள் அண்டா, குக்கர், பூச்சாடி, குழந்தையின் பொம்மை லாரி என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்தார்கள். வாத்தியார் குடையைத் தலைகீழாக விரித்து அதிலும் பிடித்தாராம். டாக்டரம்மா தொட்டிக்குளியலுக்கு இருந்த பீங்கான் தொட்டியை நிரப்பி, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். தாக்குப் பிடிக்க வேண்டிய தண்ணீர், வேலைக்குப் போயிருந்த வீட்டுக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவருவதற்குள் காலி. வந்தவர்கள் குழாயைத் திறந்தார்கள், காற்றுகூட வரவில்லை. படிக்கட்டில் கூச்சல், கைகலப்பு, பழைய கணக்குகள்.

மாப்பிள்ளை காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி வந்து சேர்ந்தார். ஜனத்தைப் பார்த்ததும் நிர்வாகப் படிப்பெல்லாம் மறந்துபோய், நாலாவது படியில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"எல்லாரும் அமைதியா இருங்க! எவ்ரிதிங் இஸ் அண்டர் கண்ட்ரோல்!"

கூட்டம் அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"இது எந்தக் கண்ட்ரோலு?" என்றாள் எட்டாம் மாடி வீட்டம்மா. "உங்க கண்ட்ரோலுக்கு எத்தனை வாளி?"

"அவரைச் சொல்லச் சொல்லுங்க!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கண்ட்ரோல்காரர் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளையும் திரும்பினார். அவர் கண் கெஞ்சியது. 'சொல்லித் தொலையுங்க, தடை நீக்கியாச்சு' என்று அந்தக் கண் சொன்னது எட்டு மாடிக்கும் தெரிந்தது. கண்ட்ரோல்காரருக்கும் தெரிந்தது. சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும், வேலை மிஞ்சும், வீடு மிஞ்சும். வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையின் ருசி கண்ட நாக்கு அதை உள்ளே தள்ளிவிட்டது.

"கண்ட்ரோல்ல இல்லைங்க" என்றார். "எப்பவுமே இருந்ததில்லை."

அதற்குமேல் அங்கே நடந்ததை எழுத்தில் கொண்டுவர முடியாது. வாத்தியார் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான்யா குவெல்லுக்கு வேலை வந்திருக்கு!" என்று உற்சாகமாகக் கத்தியது கேட்டது. மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

"போதும் சார். போதும். நாளைக்கே கம்பெனி ஆளுங்க வருவாங்க. நாளைக்கே ரூமைக் காலி..."

"என்ன இங்க கூட்டம்?"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். 'காலி' என்ற வார்த்தை சுவரைத் துளைத்துக்கொண்டு அவள் காதில் விழுந்திருந்தது. தம்பி வீட்டு ஃபேன் கண்முன்னே ஒருதரம் சுற்றி நின்றது. கூட்டத்தை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

"டேக்கிள் பண்ணியாச்சு. எல்லாரும் மேல போங்க."

கூச்சல் அறுந்து விழுந்த மாதிரி நின்றது. இந்த அம்மாள் வாயிலிருந்தா? 'வராது, போய்ப் படுங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லியறியாத அம்மாள் இப்படிச் சொல்கிறாள் என்றால் நிஜமாகவே ஏதோ நடந்திருக்க வேண்டும். புருஷன் வருஷக்கணக்காகச் செலவழித்துத் தேய்த்த சொல், அவள் கையில் புத்தம்புதிதாக மின்னியது.

"யாரும்மா பண்ணினது?" என்றார் டாக்டரம்மா, குரல் இறங்கி.

"நான்தான். எந்த வீட்டுல எத்தனை வாளி, எத்தனை அண்டான்னு எனக்குத் தெரியும். குழாய் பூரா என் சமையக்கட்டுச் சுவத்துலதான் ஓடுது. பேரைச் சொல்லட்டுமா, நீங்களே கொண்டுவந்து வைக்கிறீங்களா?"

அவளுக்கு ஒரு வாளிக் கணக்கும் தெரியாது. சுவரில் குழாய் ஓடுவது மட்டும் நிஜம். ஆனால் எல்லோரும் தங்கள் தங்கள் அண்டாவை நினைத்துக்கொண்டார்கள். முதலில் டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு மேலே போய் இரண்டு வாளியோடு வந்தார். அதைப் பார்த்து ஏழாம் மாடி ஜோடி, அதைப் பார்த்து மற்றவர்கள். வாத்தியார் குடையோடே வந்தார். தண்ணீர் இல்லாத வீடுகளுக்கு வாளி ஒன்றொன்றாகப் போய்ச் சேர்ந்தது. படிக்கட்டு காலியானது.

மாப்பிள்ளை ஓடிவந்து கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்.

"ஆன்ட்டி, இனிமே நீங்களே பேசுங்க. சார் மோட்டாரைப் பாக்கட்டும். எல்லாத்தையும் நீங்களே மேனேஜ் பண்ணிக்குங்க."

மேனேஜ் என்றால் அந்தக் கட்டடத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"பண்ணிக்கலாம் தம்பி. ரூம் யாருக்கு?"

"அதெல்லாம் ஹேண்டில் பண்ணிக்கலாம் ஆன்ட்டி..."

"தமிழ்ல சொல்லுங்க. இவங்க காதுலயும் விழட்டும்."

மாடிக் கைப்பிடிச் சுவர்களில் மறுபடி தலைகள் முளைத்திருந்தன. மாப்பிள்ளை மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கையை ஆட்ட இடமில்லாமல் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ரூம் உங்களுக்குத்தான். நீங்க இருக்கறவரைக்கும்."

அன்றிலிருந்து படிக்கட்டடியில் நின்று பேசுவது அந்த அம்மாள்தான். நாலு சொல்லையும் சிக்கனமாகப் பயன்படுத்துகிறாள், மாதத்துக்கு ஒன்றுகூட ஆகாது. கண்ட்ரோல்காரருக்குப் படிக்கட்டில் வாய் திறக்கத் தடை. அவர் உண்மையை எங்கேதான் கொண்டுபோய் வைப்பார்?

அன்று சாயங்காலமே அதற்கு ஓர் இடம் கிடைத்தது. மெக்கானிக் வந்தான். வருஷக்கணக்காக வந்து போகிறவன். ஒவ்வொரு தடவையும், "கொஞ்சம் ஹேண்டில் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ட்ரோல்காரர் ஒதுங்கி நிற்பார். அவனும் ஏதோ ஒன்றைக் கழற்றி ஏதோ ஒன்றைப் பூட்டி, "கண்ட்ரோல் பண்ணியிருக்கேன் சார்" என்று போய்விடுவான். அன்று அவர் மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் பக்கத்தில் டார்ச்சோடு குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, நீ போன தடவை போட்ட ஒயர் சின்னது. சூடாகுது. ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல இந்தப் பக்கம் ஒரு வாடை வரும். அடிப்போல்ட் ரெண்டு இல்லை, அதான் இந்த ஆட்டம். எனக்கு இதெல்லாம் முதல்லேர்ந்தே தெரியும்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தான்.

"இதை அப்பவே சொல்லியிருந்தா அப்பவே சரி பண்ணியிருப்பேனே சார்? ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

கண்ட்ரோல்காரர் டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தார்.